குமிழ் கழற்றிய ரீவி

14 ஒக்ரோபர் 1986, செவ்வாய்

காலையில் துடைத்து விட்ட மாதிரி நீல வானம். ஒரு முகில் துண்டு கூட இல்லை. நல்ல காலநிலை என்று வேறு ஊர்களில் சொல்வார்கள். இங்கே இல்லை. முகில் கறுத்து நின்றால் ஆமி ஹெலி சுட வருவது குறைவு. இப்படி வெளித்துக் கிடந்தால் எப்போதும் வரலாம்.

ஹெலி வந்தால் ஒளிக்கிற பங்கருக்கு மேலே போட இரண்டு பனைமரக் குத்திகள் வந்தன. எங்கள் தீவில் நிலத்தைக் கிண்டினால் மூன்றடியில் உப்புத் தண்ணீர். அதனால் பாதி கிண்டி, மீதிக்குக் கல் அடுக்கி, மேலே குத்தி, அதற்கு மேலே மண் மூட்டை. மழைக்கு முழங்கால் மட்டும் தண்ணீர் நிற்கும். தவளைகள் எங்களுக்கு முந்திப் போய் இடம் பிடித்து இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு நாலாம் வாய்ப்பாடு. பாதியில் றோட்டால் ஒரு ட்ராக்டர் போனது. முழு வகுப்பும் மேசைக்குக் கீழே. எல்லாருக்கும் முந்திக் கீழே போனது ரீச்சர், நான்தான் என்பதை இங்கே மட்டும் எழுதலாம்.

பின்னேரம் கொழும்பிலிருந்து என் மனுசனுடைய ஒன்றுவிட்ட தம்பி வந்தார். ஜேர்மனியில் இருக்கிற இவர் கொடுத்து விட்ட பெட்டி. எனக்குக் கம்பளிச் சட்டை (இந்த வெயிலுக்கு!). மகள் வதனிக்கு ரீவியில் பொருத்தி விளையாடுகிற சாமான். கறுப்புத் தட்டு, வயர், ஒரு கைபிடி. கைபிடியின் தலையில் சிவப்புப் பொத்தான்.

"வழியிலை ஆமிச் செக்கிங்கிலை எடுத்து வைச்சிட்டாங்கள் அக்கா. இதை அமத்தினால் எங்கை வெடிக்கும் எண்டு கேட்டாங்கள். நான் அமத்திக் காட்டினன். எல்லாரும் நாலடி பின்னுக்குப் போட்டாங்கள்."

சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார்.

இவரின் கடிதம்: "பிள்ளை வெளியில் திரியாமல் வீட்டுக்குள் இருக்க இது உதவும்." இரண்டு வருடமாகக் கண்ணால் காணாத பத்து வயதுப் பிள்ளைக்கு வேறு என்னத்தை அனுப்புவது, பாவம்.

16 ஒக்ரோபர், வியாழன்

வெயில். கரண்ட் நாலு மணிக்கு வந்தது.

வதனி தானே வயரைக் கொழுவிக் கண்டுபிடித்து விட்டாள். விளையாட்டு இதுதான்: கடல். கடலுக்கு மேலே ஒரு ஹெலி. ஹெலியை நாங்கள் ஓட்ட வேண்டும். கீழே வருகிற கப்பல்களைச் சுட்டால் புள்ளி. ஓரத்தில் கரை வரும். கரையில் சின்னச் சின்னச் சதுரங்கள்.

"அது என்னம்மா?"

"வீடாக்கும்."

அதையும் சுட்டாள். புள்ளி கூடியது. கை தட்டினாள்.

நான் குசினிக்குப் போய் விட்டேன். அந்தச் சத்தம். டுக்கு டுக்கு டுக்கு என்று, அச்சாக அதேதான். ரீவிக்குள்ளிருந்து வருகிறது என்று தெரிகிறது, கண்ணால் பார்க்கிறேன். இருந்தும் அரிசியைக் கழுவினேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தரம் கழுவினேன். மேலேயிருந்து பார்க்க நாங்களும் சதுரம்தானா?

நிற்பாட்டச் சொல்லலாம். தகப்பன் அனுப்பியது. இந்த வருடத்தில் அவள் வாய் விட்டுச் சிரித்தது இன்றுதான். சொல்லவில்லை.

18 ஒக்ரோபர், சனி

இந்தச் சந்துக்குள், எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டு விறாந்தையில். செருப்புகள் வாசலில் குவியல். நல்ல நாள் என்றுதான் தொடங்கியது.

யாரோ ஒரு வாண்டு ரீவிச் சத்தத்தை முழுக்கத் திருகி விட்டது.

அடுத்த வளவு வைத்திலிங்க மாமா. தெற்கில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிய, உடுத்த சாரத்தோடு கப்பலேறி வந்தவர். அதற்குப் பிறகு அவரைப் போல் ஆயத்தமான மனிதர் இந்தத் தீவில் இல்லை. காணி உறுதிப் பத்திரங்களைப் போட்ட தோல் பை எப்போதும் கதிரைக் காலடியில். சத்தம் என்றால் பையும் ஆளும் ஒன்றாகத்தான் எழும்பும். ஒழுங்கையில் பலர் காதை நம்புவதில்லை, மாமாவின் காலைத்தான் நம்புவது. மாமா ஓடினால் ஓடு.

இன்றைக்கும் ஓடினார். "வருகுது, வருகுது, உள்ளுக்கை போங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினார். ஒழுங்கை முழுக்கப் பின்னால் ஓடியது. உலையை இறக்காமல் ஒருத்தி, பாதி முழுக்கில் ஒருத்தர். எங்கள் பங்கர்தான் கிட்ட என்று அதற்குள் பாய்ந்தார் மாமா. வேட்டி முழுக்கச் சேறு. ஒரு செருப்பைக் காணோம்.

வானத்தில் ஒன்றும் இல்லை. ஒரு காகம் போனது.

பிறகு விசயம் தெரிந்ததும் சிரிப்பு. எப்படிச் சிரித்தார்கள்! பயந்து ஓடினவர்கள்தான் கூடச் சிரித்தது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று ஒரு குரல். மாமாவின் மனுசி பூமணி அக்கா கூடச் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினா. நானும் சிரித்தேன்.

மாமா வேலிப் படலையில் நின்று சொன்னார்: "ரீச்சர், நீர் படிச்ச ஆள். உதை நிப்பாட்டும்."

ஒற்றைச் செருப்போடு போனார். மற்றச் செருப்பை வதனி பிறகு பங்கருக்குள் தடவி எடுத்துக் கழுவிக் கொண்டு போய்க் கொடுத்தாள். வாங்கித் திண்ணையில் வைத்து விட்டு உள்ளே போய் விட்டாராம்.

20 ஒக்ரோபர், திங்கள்

முகில் மூடி மப்பு. நிம்மதி. அதாவது மேலேயிருந்து நிம்மதி.

கீழே இல்லை. காலைக் கூட்டத்தில் அதிபர் பேப்பரை விரித்து ஒரு வாசகர் கடிதத்தை உரத்து வாசித்தார். வெளிநாட்டுக் காசோடு வரும் விளையாட்டுப் பெட்டிகள். வீடியோப் படத்துக்கு அடுத்த சனியன். பிள்ளைகளின் மூளையைப் பழுதாக்குகிறது, தடை செய்ய வேண்டும். மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, "எங்கடை ஊரிலையும் ஒரு வீட்டிலை" என்று நிறுத்தினார். முழுப் பள்ளிக்கூடமும் திரும்பி என்னைப் பார்த்தது. மூன்றாம் வகுப்பு பெருமையாகப் பார்த்தது.

பிறகு தனியே:

"ரீச்சர், வெளியாக்கள் செய்தால் கண்டிச்சுப் பேசலாம். நீங்களே செய்தால் நான் யாரைப் பேசுறது?"

"பிள்ளையின்ரை தகப்பன் அனுப்பினது, சேர்."

"தகப்பன்மார் எல்லாரும் அனுப்புவினம். இருந்து பாக்கிறது நாங்களெல்லோ."

வைத்திலிங்க மாமா எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறாராம். புதன் பெற்றோர் கூட்டம்.

வாங்க: மண்ணெண்ணெய், நெருப்புப் பெட்டி, வதனிக்குப் புழு மருந்து.

22 ஒக்ரோபர், புதன்

மழை தூறல். மண்டபம் நிறைய ஆட்கள். சமய விழாவுக்குக் கூட இவ்வளவு வருவதில்லை.

பேச்சுகளை எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் பிறகு நானே நம்ப மாட்டேன்.

"கண் அவிஞ்சு போகுமாம்."

"என்ரை பெடியன் கணக்குக்கு இருபது எடுத்திருக்கிறான், இந்தப் பெட்டியாலை."

"முந்தின தவணையும் இருபதுதானே எடுத்தவன்?"

"பெட்டையள் பெடியள் எண்டில்லாமல் ஒரே விறாந்தையிலை குந்தியிருக்குதுகள்."

"சுடப் பழகுதுகள், சேர். சின்னனிலேயே சுடப் பழகுதுகள்."

பின்வரிசையில் ஒரு குரல்: "பழகட்டன். நல்லதுதானே."

யார் சொன்னது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வதனியின் தோளில் கையை வைத்தேன். எனக்கு அந்தக் குரல் ஹெலியை விடப் பயமாக இருந்தது.

மாமா எழும்பினார். "எனக்குக் கண்ணும் கணக்கும் பிரச்சினை இல்லை. தடை செய்யச் சொல்லவும் நான் வரேல்லை. எனக்குச் சத்தம்தான் பிரச்சினை. அந்தச் சத்தம் கேட்டால் ஓடவேணும். அதுக்கு வேறை அலுவல் இருக்கக் கூடாது."

சரியான கதை. அன்று முழுக்கச் சொல்லப்பட்டதில் ஒரே சரியான கதை. அதற்குள் யாரோ, "மாமா, செருப்புக் கவனம்" என்று சொல்ல, மண்டபம் கொல்லென்று சிரித்தது.

மாமாவின் முகம் கறுத்து விட்டது. "சரி. சிரியுங்கோ. இனி நான் ஓடமாட்டன். கண்ணாலை காணாமல் கதிரையை விட்டு அசையமாட்டன். நீங்களும் என்ரை காலைப் பாத்து ஓடாதேங்கோ."

அவர் சொன்னது சரி என்று நான் எழும்பிச் சொல்லியிருக்கலாம். பெட்டி என் வீட்டுப் பெட்டி, நான் என்ன சொல்ல. சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு இருந்தேன்.

முடிவு: இயக்கத்தில் எங்கள் ஊருக்குப் பொறுப்பாக இருக்கிற பெடியனிடம் கேட்பது. இப்போதெல்லாம் வேலிச் சண்டைக்கும் அவர்தான், வீடியோவுக்கும் அவர்தான்.

23 ஒக்ரோபர், வியாழன்

வந்தார்கள். அதிபரும் பொறுப்பாளரும். பொறுப்பாளருக்கு இருபது வயது இருக்குமா? மீசை இன்னும் ஒழுங்காகக் கறுக்கவில்லை. நான் தண்ணீர் கொண்டு போனபோது வதனியை இழுத்து எனக்குப் பின்னால் நிற்பாட்டிக்கொண்டேன்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. போட்டுக் காட்டுங்கோ."

போட்டாள் வதனி. கொஞ்சம் பார்த்தார். "இஞ்ச தாரும்" என்று கைபிடியை வாங்கினார். வாங்கினவர் வாங்கினவர்தான். கரண்ட் போகும் வரைக்கும் விடவில்லை. அதிபர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே நின்றார். கதிரை போட்டும் இருக்கவில்லை. ஒரு கட்டத்தில், "அங்காலை கப்பல் வருகுது, அங்காலை!" என்று அதிபரே கத்தி விட்டு, பிறகு தொண்டையைச் செருமினார்.

பிறகு தீர்ப்பு. "தடை செய்தால் ஒளிச்சு வைச்சு விளையாடுவினம், சேர். ஒழுங்கு போட்டால் எங்கடை கண்ணுக்கு முன்னாலை இருக்கும்." ஒழுங்குகள்: சனி ஞாயிறு மட்டும். ஒரு மணித்தியாலம். விளையாடும்போது வெளியே ஒரு பெரியவர் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். சத்தம் அறவே கூடாது.

சத்தம் கூட்டுகிற குமிழைத் தன் கையாலேயே குறைத்துக் கழற்றினார். அதிபரின் கையில் கொடுத்தார். அது இனிப் பள்ளிக்கூட அலுமாரியில் பூட்டி இருக்கும்.

எனக்குப் பெரிய ஆறுதல். பெட்டியும் இருக்கிறது, சத்தமும் இல்லை. இதை விட நல்ல தீர்ப்பு நீதவானும் சொல்ல மாட்டார்.

போகும்போது ரீவியில் கடைசியாக நின்ற புள்ளியை ஞாபகம் வைத்துக் கேட்டார்: "என்னை விடக் கூட எடுத்து வைச்சிருந்தது உங்கடை பிள்ளையோ? என்ன வயசு?"

"பத்து."

"பத்தோ" என்றார்.

அவ்வளவுதான். அந்தப் "பத்தோ" இன்னும் காதுக்குள் நிற்கிறது. இவருக்கு எழுத வேண்டும், பிள்ளையைக் கொழும்புக்காவது எடுக்கச் சொல்லி.

26 ஒக்ரோபர், ஞாயிறு

வெயில் மழை மாறி மாறி.

குமிழ் போனதால் செய்தியும் போய் விட்டது. செய்தி வாசிக்கிறவ வாயை மட்டும் அசைக்கிறா. என்ன பொய் சொல்கிறா என்று கூடத் தெரியவில்லை.

விளையாட்டு நேரம் நான் காவல். முற்றத்தில் முக்காலி போட்டு, கழுத்து உளையும் வரைக்கும் வானம். விறாந்தையில் பிள்ளைகள் முதலில் செத்த வீடு போல் இருந்தார்கள். ஊமை ஹெலி. ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "சப்பெண்டு கிடக்கு" என்று சொல்வது கேட்டது.

பிறகு டுக்கு டுக்கு டுக்கு.

நான் முக்காலியை உதைத்து விட்டு எழும்பி விட்டேன். வானம் வெறுமை. திரும்பிப் பார்த்தால் வதனி. உதடு அசையவில்லை. தொண்டைக்குள்ளிருந்து வருகிறது. முதலில் தூரத்தில் மாதிரி, பிறகு கிட்ட, பிறகு தலைக்கு மேல். மற்றதுகள் கைபிடியை ஆட்ட, இவள் சத்தம் கொடுக்கிறாள். எல்லாருக்கும் முகத்தில் வெளிச்சம்.

"வதனி! என்ன பழக்கம் இது?"

"ரீவியிலை சத்தம் கூடாது எண்டுதானே அம்மா சொன்னவை. இது நான்."

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. அவர்கள் போட்ட ஒழுங்கை அவள் மீறவில்லையே.

28 ஒக்ரோபர், செவ்வாய்

பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி விட்டது. கண்வருத்தம் கூட இவ்வளவு வேகமாகப் பரவாது. மூன்றாம் வகுப்பில் நான் கரும்பலகைக்குத் திரும்பினால் பின்னால் ஒரு ஹெலி. திரும்பிப் பார்த்தால் எல்லாம் புத்தகம். அதிபர் பிரம்போடு ஒரு சுற்று வந்தார். யாரை அடிப்பது? வாயைத் திறக்காமல் செய்கிற வேலை. பிரம்பு வந்த பாதையிலேயே போய் விட்டது.

ஆனால் வதனியின் சத்தம் வேறு. மற்றதுகள் வெறும் டுக்கு டுக்கு. இவளுடையதைக் கேட்டால் எனக்கே தலை வானத்துக்குத் திரும்புகிறது.

மத்தியானம் மெய்யாகவே ஒன்று போனது, தூரத்தில், கடலுக்கு மேலே. கிணற்றடியில் பெண்கள் தண்ணீர் அள்ளுவதை நிறுத்தவில்லை. "பெட்டையளாக்கும்" என்று சொல்லிச் சொல்லி அள்ளினார்கள். கண்ணால் கண்ட பிறகுதான் வாளியைப் போட்டு விட்டு ஓட்டம். மாமா அதற்கும் ஓடவில்லை. கதிரையில் இருந்து, அது கடலுக்கு மேலே திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பூமணி அக்கா சொல்லி அழுதா: "ரோசம் ரீச்சர். அந்த மனுசனுக்கு எரிஞ்ச கடையை விட ரோசம்தான் பெரிசு."

இந்த ஒழுங்கையில் இவ்வளவு நாளும் உயிரோடு இருக்கிறோம் என்றால் பயத்தால்தான் இருக்கிறோம். அதைச் சிரித்துத் தொலைத்து விட்டோமோ?

நாளைக்கு வதனியிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இனி வாயே திறக்கக் கூடாது என்று.

30 ஒக்ரோபர், வியாழன்

சொன்னேன். தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன். தீபாவளிக்குப் பிறகு ஒருநாளும் செய்வதில்லையாம். தீபாவளி வரைக்கும் ஏன் என்று கேட்டேன். "வெடி கொளுத்த விடமாட்டியள், வேறை என்ன இருக்கு?" என்கிறாள். வாய்க்காரி.

1 நவம்பர், சனி. தீபாவளி

விடியக் காலை மழை. கோயில். சத்தமில்லாத தீபாவளி. வெடி கொளுத்த ஒருவருக்கும் துணிவு இல்லை. அரியதரம் நல்லாய் வந்தது, வடை கல்.

மாமா வீட்டுக்குப் பலகாரம் கொண்டு நானும் வதனியும். மாமா வேப்ப மரத்துக்குக் கீழே சாய்மனைக் கதிரையில். தோல் பை காலடியில் இல்லை. உள்ளே வைத்து விட்டாராம்.

கோபம் ஆறி விட்டது போல. அரியதரத்தைக் கடித்துக்கொண்டு வதனியிடம், "எங்கை, அந்த உன்ரை வித்தையை ஒருக்காச் செய் பாப்பம்" என்றார்.

என்னைப் பார்த்தாள். தீபாவளிதானே என்று தலையாட்டினேன். செய்தாள். மாமா கண்ணை மூடிக் கேட்டார். கதிரைக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"அச்சொட்டாய் அதுதான். ஆனா உன்ரை சத்தத்துக்கு இனி நான் ஓடமாட்டன், கண்டியோ."

வதனி சொன்னாள்: "மெய் ஹெலியிலை அடியிலை இன்னொரு சத்தம் இருக்கு மாமா. நிலத்தாலை வரும். அது எனக்குச் செய்ய ஏலாது."

"எனக்கு அந்தளவு காது இல்லைப் பிள்ளை" என்று சிரித்து, பனங்கட்டி போட்ட ஓலைக் குட்டான் ஒன்று கொடுத்து அனுப்பினார்.

வீடு வந்து சத்தியத்தை இன்னொரு தரம் வாங்கிக்கொண்டேன்.

4 நவம்பர், செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்கும் கை ஓடவில்லை. எழுதினால்தான் தலைக்குள் சுற்றுவது நிற்கும்.

நேற்று மழை விட்டு வானம் வெளித்தது. பள்ளிக்கூடத்தால் வந்து, நனைந்த மிளகாயைப் பாயில் பரப்பிக்கொண்டு இருந்தேன். கரண்ட் இல்லை. ரீவி இல்லை. வதனி மாட்டுக் கொட்டில் பக்கம் நின்றாள்.

சத்தம் வந்தது. தூரத்தில் மாதிரி. பிறகு கிட்ட.

எனக்கு வந்தது பயம் இல்லை. ஆத்திரம். சத்தியம் வாங்கி இரண்டு நாள் ஆகவில்லை.

"வதனி! வாயை மூடு!"

நிற்கவில்லை.

"வதனி! வாறன் இப்ப, தோலை உரிச்சுப் போடுவன்! மூடடி வாயை!"

ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். இவ்வளவு உரத்து நான் பிள்ளையை ஏசிப் பேசினது கிடையாது. பூவரசங் கம்பு முறிக்க வேலிக்கு நடந்தேன். ஓடவில்லை, நடந்தேன்.

அப்போது பங்கருக்குள்ளிருந்து ஒரு கீச்சுக் குரல்.

"அம்மா! நானில்லை! அம்மா, அது நானில்லை! வாங்கோ அம்மா!"

பங்கர்த் தண்ணீருக்குள் எப்படி விழுந்தேன் என்று தெரியாது. அவள் என் வாயைத் தன் இரண்டு கையாலும் பொத்தினாள். மேலே சூடு பட்டு மண் மூட்டை கிழிந்து மண் கொட்டியது. அவள் முதலே போய் உள்ளே இருந்திருக்கிறாள். நிலத்தால் வந்ததை அவள் கேட்டிருக்கிறாள்.

சத்தம் போன பிறகும் கனநேரம் இருந்தோம். தவளை ஒன்று என் மடியில்.

வெளியே வந்தபோது பூமணி அக்காவின் குரல். போனேன். வேப்ப மரம். சாய்மனைக் கதிரை. மாமா எழும்பவே இல்லை. எழும்ப முயன்ற மாதிரியும் இல்லை. கால்கள் நீட்டியபடி.

இதற்கு மேல் எழுத மாட்டேன்.

6 நவம்பர், வியாழன்

மழை. விடாத மழை. ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை.

முந்தநாளே மாமாவின் பிரேதத்தை எடுத்து விட்டார்கள். கூட்டம் கூடப் பயம், அதனால் அவசரம். தோல் பையைப் பூமணி அக்கா நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தா.

பள்ளிக்கூடம் இல்லை. அதிபர் வந்தார், பொறுப்பாளரும். பெட்டிக்கு இனி முழுத் தடை, இந்தத் தீவில் ஒரு வீட்டிலும் கூடாது. ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. துணியில் சுற்றிக் கொடுத்தேன். மாமாவைப் பெட்டிதான் கொன்றது என்று ஊர் முழுக்கக் கதை. பெட்டி போன பிறகு எனக்கும் அப்படித்தான் என்று பட்டது. நன்றாக மூச்சு வந்தது. மூன்று நாளில் முதல் தரம் ஒரு வாய் சோறு இறங்கியது.

பின்னேரம் பூமணி அக்காவோடு இருக்கப் போனோம். பாயில் பக்கத்தில் இருந்தேன். வதனி எனக்குப் பின்னால். அக்கா அழவில்லை. கதை சொல்வது போல, யாரையும் குறை சொல்லாமல், மெல்லச் சொன்னா:

"சத்தம் கேட்டவுடனை மனுசன் எழும்பினவர், ரீச்சர். கதிரைக் கையைப் பிடிச்சு எழும்பினவர். அந்த நேரம்தான் நீங்கள் பிள்ளையைப் பேசினது கேட்டது. 'அங்கை பார், ரீச்சர் பெட்டையைப் பேசுறா. அது பெட்டைதான்' எண்டார். சொல்லிப்போட்டுத் திரும்பவும் கதிரையிலை இருந்தவர்."

அக்கா என் கையைத்தான் பிடித்துக்கொண்டு இருந்தா. எனக்கு அந்தக் கையை இழுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு ஒரே குடைக்குள் வந்தோம். வதனி படலையடியில் நின்றாள்.

"அம்மா, மாமா என்ரை சத்தம் எண்டு நினைச்சே திரும்பக் கதிரையிலை இருந்தவர்?"

அந்தப் பாரத்தைப் பிள்ளை மேல் வைக்க எனக்கு ஏலாது. உண்மையைச் சொன்னேன்.

"இல்லைப் பிள்ளை. அம்மா உன்னைப் பேசின சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்ப இருந்தவர்."

மழை குடையில் அடித்தது.

"நான் சத்தியம் பண்ணினனான்தானே அம்மா. நான் ஒண்டும் செய்யேல்லையே. ஏன் நீங்கள் என்னைப் பேசினனீங்கள்?"